வீட்டில் சொல்லலாம் என்ற நம்பிக்கை

 

கல்லூரிக்குப் பெண்மக்களை அனுப்பும் இல்லங்கள் நம் சமுதாயத்தில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் வீதிகளில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் இந்த உண்மை விளங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் பேருந்தேறி வந்து படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தாய் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். மகள் பட்டம் பெறுகிறாள். அல்ஹம்து லில்லாஹ்! இது எளிதாகக் கிடைத்த பேறு அன்று.

இந்தப் பெண்மக்களில் ஒருத்திக்கு ஒரு கயவனால் தீங்கு நேர்ந்துவிட்டால் அவள் எங்கே போவாள்? யாரிடம் சொல்வாள்? சொன்னால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விகளை நாம் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசுவதே அபசகுனம் என்று எண்ணுகிறோம். தீ விபத்து வந்தால் என்ன செய்வது என்று அறிந்து வைப்பவன் தீயை விரும்பி அழைப்பவன் ஆவானா? ஆகவே இம்மாதம் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டுள்ளேன். பெற்றோர் தனியே படித்துவிட்டு எடுத்து வைத்துவிட வேண்டாம். மகளும் மகனும் படிக்கட்டும்.

பொள்ளாச்சி கற்பித்த பாடம்

தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. தென்னந்தோப்புகளுக்கும் சந்தைக்கும் பெயர்பெற்ற நமது பொள்ளாச்சியையே எடுத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரி 12ஆம் நாள் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், பழகிய இளைஞர்களால் காரில் வைத்துப் பாலியல் கொடுமைக்கு ஆளானார். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினார்கள். அம்மாணவி வீட்டாரிடம் சொன்னார். 24ஆம் நாள் காவல் நிலையத்தில் புகார் பதிவானது. அதன்பின் தோண்டத் தோண்ட வெளிவந்ததைக் கண்டு தமிழகமே அதிர்ந்தது. அதே கூட்டம் 2016ஆம் ஆண்டு முதலே பல பெண்களிடம் நட்பு என்றும் காதல் என்றும் நடித்து, வன்கொடுமை செய்து, படம் பிடித்து, அந்தப் படத்தைக் காட்டியே மீண்டும் மீண்டும் சூறையாடி வந்தது தெரியவந்தது.

மூன்றாண்டுகள் இது எப்படி நடந்தது? கயவர்களின் கையில் இருந்தது ஒரு கைப்பேசிதான். அந்தக் கைப்பேசிக்கு இத்தனை வலிமையைக் கொடுத்தது எது? ‘இவள் வீட்டில் சொல்லமாட்டாள், சொன்னால் வீட்டில் இவளைத்தான் அடிப்பார்கள், படிப்பை நிறுத்துவார்கள்’ என்ற அவர்களது உறுதியான நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் யார்? பெற்றோராகிய நாம், அண்டை வீட்டாராகிய நாம், ஊராராகிய நாம் அல்லவா?

ஒருத்தி வீட்டில் வாய் திறந்தாள். அக்கூட்டத்தின் வலை அறுந்தது. வழி எளிதாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. புகார் கொடுத்தமைக்காக அம்மாணவியின் சகோதரர் தாக்கப்பட்டார். காவல்துறை உயர் அதிகாரி ஒருவரே செய்தியாளர்களிடம் அவர் பெயரைச் சொல்லிவிட்டார். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் அவரது அடையாளம் இடம்பெற்றது. அதற்காக அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 மார்ச்சில் உத்தரவிட்டது. வழக்கு ஆறாண்டுகள் நீண்டது. ஆயினும் பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்கள் உறுதியோடு நின்று சாட்சியம் அளித்தார்கள். சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கும் மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

இதில் இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். கொடுமை நடந்தது 12ஆம் நாள். புகார் கொடுத்தது 24ஆம் நாள். பன்னிரண்டு நாள் தாமதம் அந்த வழக்கைச் சாய்த்துவிடவில்லை. ‘இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் யார் நம்புவார்கள்’ என்று கலங்குகின்ற பெண்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்கு இத்தனை நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும் என்ற கெடு சட்டத்தில் கிடையாது.

முதலில் சொல்லும் சொல்

2025 நவம்பர் 2ஆம் நாள் இரவு கோவை விமான நிலையத்துக்கு அருகே ஒரு கல்லூரி மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளான செய்தியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மூவர் கைது செய்யப்பட்டனர். அந்த நாள்களில் தேநீர்க் கடைகளிலும் திருமண மண்டபங்களிலும் உலவிய கேள்வி என்ன? ‘அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?’ என்பதுதான். இதைக் கேட்டவர் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும் தம் மகளை நினைத்துப் பார்த்தாரா? நாளை தனக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் தந்தையிடமிருந்து எந்தக் கேள்வி வரும் என்பதை அவள் அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டாள். அதன்பின் அவள் எப்படிச் சொல்வாள்?

தாய்மார்களே! உங்கள் மகள் நடுங்கிக்கொண்டு வந்து நின்றால், ‘நீ ஏன் போனாய், அவனோடு ஏன் பேசினாய், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்விகளைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுங்கள். ‘நீ சொன்னதே நல்லது. உன்மேல் தவறில்லை. அத்தாவும் நானும் இருக்கிறோம்’ என்ற மூன்று வாக்கியங்கள் போதும். அதன்பின் அவள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பெண்ணைச் சுற்றி அமர்ந்து அழுவதும், உறவினர் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதும் அவளது துன்பத்தை இரட்டிப்பாக்கும்.

தந்தையரும் சகோதரர்களும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டாம். அவ்வாறு புறப்பட்டால் உங்கள்மீது ஒரு வழக்கு வரும். அவனுக்கு ஓர் அனுதாபம் பிறக்கும். உங்கள் மகளோ தன்னால்தான் குடும்பம் சீரழிந்தது என்று மேலும் குமைவாள். அவள் அருகில் அமர்ந்திருப்பதே அப்போது உங்கள் வீரம்.

மதரஸாவில் பாடம் முடிந்தபின் தாய்மார்கள் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: ‘மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? நான்கு சாட்சி வேண்டுமாமே?’ இது பெருந்தவறான புரிதல். ஒழுக்கமுள்ள பெண்கள்மீது அவதூறு கூறிவிட்டு, நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு எண்பது கசையடி என்று அந்நூர் அத்தியாயம் விதிக்கிறது. அந்த விதி பெண்ணின் மானத்தைக் காக்க வந்தது. கொடுமைக்கு ஆளானவளின் வாயை அடைக்க வந்ததன்று. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் தொழுகைக்காகப் புறப்பட்ட ஒரு பெண்மணியை வழியில் ஒருவன் பலவந்தப்படுத்திய செய்தி திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அந்தப் பெண்மணி வாய்மூடி வீட்டுக்குத் திரும்பவில்லை, கூக்குரலிட்டார், மக்கள் ஓடிவந்தார்கள், வழக்கு நபியவர்களின் முன்னிலைக்கு வந்தது. அப்பெண்மணியைத் தண்டிக்காமல் ஆறுதலாக அனுப்பிவைத்தார்கள். தனியே ஏன் வந்தாய் என்று அவரிடம் கேட்டதாக அந்தச் செய்தியில் இல்லை. இல்லாத கேள்வியை நாம் ஏன் கேட்கிறோம்?

மருத்துவமனை: காலம் கடத்தாதீர்கள்

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். உடல்நலம் காத்திருக்காது. நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்தும் கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும், முந்தினால் நல்லது. கோவையில் திருச்சி சாலையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கேதான் செல்ல வேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவாயினும் உடனடியாக, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் அளித்தாக வேண்டும். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும்; அது அவர்களுக்குச் சட்டம் விதித்த கடமை. ஆனால் உடற்பரிசோதனைக்கும் தடயம் சேகரிப்பதற்கும் பெண்ணின் சம்மதம் தேவை. அதற்கு அவள் உடன்படாவிட்டாலும் சிகிச்சையை மறுக்கக்கூடாது. ‘இரு விரல் சோதனை’ என்று முன்பு ஒரு கொடுமை நடந்துவந்தது. அது பெண்ணின் கண்ணியத்தைக் குலைப்பது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. அதைச் செய்பவர் முறைகேட்டுக் குற்றத்துக்கு ஆளாவார் என்று 2022இல் மேலும் அழுத்தமாகக் கூறியது. ஆகவே அந்த அச்சம் வேண்டாம்.

இயன்றால் குளிப்பதற்கு முன்பே மருத்துவமனைக்குச் செல்வது நல்லது. அன்று உடுத்தியிருந்த துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளித்துவிட்டாள், துணியைத் துவைத்துவிட்டோம் என்றாலும் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மிரட்டிய குறுஞ்செய்தி, அழைத்த எண்கள், படங்கள் ஆகியவற்றை ஆத்திரத்தில் அழிக்காதீர்கள். பொள்ளாச்சி வழக்கில் குற்றவாளிகளைச் சிக்கவைத்த சான்றுகளில் அவர்களது கைப்பேசிகளும் முக்கியமானவை.

காவல் நிலையம்: அறிந்துகொண்டு செல்லுங்கள்

2024 ஜூலை 1 முதல் நாட்டில் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றமாயின் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகும். எதுவாயினும் பெண்ணுக்குள்ள உரிமைகள் இவை.

மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பக்கூடாது. பதிவு செய்துகொண்டு, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். கோவையில் படிக்கும் ஈரோட்டுப் பெண், ஈரோட்டில் தன் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். புகாரைப் பெண் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். விசாரணைக்கு எனப் பெண்ணைக் காவல் நிலையத்துக்கு அழைக்கக் கூடாது. அவள் இருக்கும் இடத்துக்கு அவர்கள் வர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பதிவு செய்ய மறுத்தால்? கோவை மாநகரமாயின் காவல் ஆணையருக்கும், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் போன்ற புறப்பகுதியாயின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதிலும் பயனில்லையெனில் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம். இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. அமைதியாக இதை எடுத்துச் சொன்னாலே பல இடங்களில் பேனா எழுதத் தொடங்கிவிடும்.

பின்னர் அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் பதிவு செய்வார். இயன்றவரை அவர் பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை மூடிய நீதிமன்ற அறையில்தான் நடக்கும்.

கல்லூரி முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு வயது பதினேழு. பதினெட்டு நிரம்பாதவர் என்றால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் பொருந்தும். அப்போது விஷயம் தெரிந்த எவரும், பேராசிரியராயினும் விடுதிக் காப்பாளராயினும், காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பதினெட்டு நிரம்பிய பெண் என்றால் எப்போது, எங்கே, எவ்வாறு புகார் செய்வது என்பதில் அவளது விருப்பமே முதன்மையானது. அவளை மிரட்டிப் புகார் கொடுக்கச் செய்வதும் தவறு. மிரட்டித் தடுப்பதும் தவறு.

கல்லூரிக்குள் ஒரு கதவு

எல்லாத் துன்பமும் காவல் நிலையத்தில் தொடங்குவதில்லை. ஆசிரியர் ஒருவர் மதிப்பெண்ணைக் காட்டி மறைமுகமாகப் பேசுவார், உடன் படிப்பவன் ஆபாசச் செய்தி அனுப்புவான், ஆய்வகத்தில் கைபடும். இவற்றை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளும் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. மூத்த பெண் ஆசிரியர் ஒருவர் தலைமையில், பாதிக்குக் குறையாத பெண் உறுப்பினர்களோடு, கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவரும் அதில் இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான புகாராயின் மாணவர் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும்.

நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கொடுக்கலாம். பெண்ணால் இயலாத நிலையில் அவள் சார்பில் பிறரும் கொடுக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அந்த ஆசிரியர் அவளது விடைத்தாளைத் திருத்தாமலும், அந்த மாணவன் அவளை நெருங்காமலும் தடுக்குமாறு கேட்க உரிமை உண்டு. அவளுக்கு விடுப்பும் கேட்கலாம்.

கல்லூரிக் குழுவின் விசாரணை காவல்துறைப் புகாருக்கு மாற்று அன்று. வன்கொடுமை போன்ற குற்றத்தில், ‘நம் கல்லூரிப் பெயர் கெடும், உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று எவரேனும் சொன்னால் இணங்காதீர்கள். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் செல்லலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23ஆம் நாள் இரவு மாணவி ஒருவர் கொடுமைக்கு ஆளானார். படம் பிடித்ததாகச் சொல்லி அவரையும் மிரட்டினான் அந்தக் கயவன். மிரட்டலுக்குப் பணியாமல் அம்மாணவி புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. உயர்நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, மூன்று பெண் காவல் உயர் அதிகாரிகளிடம் புலனாய்வை ஒப்படைத்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. 2025 ஜூன் 2ஆம் நாள், குறைந்தது முப்பதாண்டுகள் வெளியே வர இயலாத ஆயுள் தண்டனை குற்றவாளிக்கு விதிக்கப்பட்டது. பொள்ளாச்சியில் ஆறு ஆண்டுகள். இங்கே ஐந்தரை மாதங்கள்கூட ஆகவில்லை. நீதி எந்த நடையில் வரும் என்று நம்மால் முன்கூட்டிச் சொல்ல இயலாது. மகளோடு எத்தனை தூரம் நடப்போம் என்பது நம் கையில் இருக்கிறது.

துணைக்கு வருவோர்

181 என்பது பெண்களுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ‘சகி’ எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் ஆகியவை அங்கே ஒரே கூரையின் கீழ் இலவசமாகக் கிடைக்கும். அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098. படத்தை வைத்து மிரட்டினால் இணையக் குற்ற உதவி எண் 1930. பெண்களின் அந்தரங்கப் படங்கள் பற்றிய புகாரைத் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் தெரிவிக்காமலும் பதியலாம். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுத்து வாயை அடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம் அவன் மறுமுறையும் வருவான்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று ஏங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் எந்தப் பெண்ணுக்கும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொலைபேசி எண் 15100. இழப்பீட்டுக்கும் அங்கேயே மனுச் செய்யலாம். தேசிய ஆணைக்குழு 2018இல் வகுத்த திட்டப்படி வன்கொடுமைக்கு ஆளானவருக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. குற்றவாளி யார் என்று தெரியாத நிலையிலும் இதைக் கேட்கலாம்.

உடற்காயம் ஆறியபின்னும் உள்ளக்காயம் ஆற நாளாகும். உறக்கமின்மை, திடுக்கிடல், படிப்பில் மனம் ஒட்டாமை, தன்னையே வெறுத்தல் ஆகியவை வரும். இதைப் பேய் பிசாசு என்று கருதி அலையாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச அரசு எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். துஆ கேளுங்கள், மருத்துவரையும் நாடுங்கள். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

‘ஊருக்குத் தெரிந்துவிடுமே!’

இதுதான் எல்லா அச்சங்களுக்கும் தாய். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரையோ, அவளை இனங்காட்டும் விவரத்தையோ அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம். சிறைத்தண்டனை உண்டு. பொள்ளாச்சியிலும் சென்னையிலும் அந்தக் கட்டுப்பாடு மீறப்பட்டதை மேலே கண்டோம். மீறியதற்கு நீதிமன்றம் விலை கேட்டதையும் கண்டோம்.

ஆயினும் உண்மையைச் சொல்லுங்கள். பெயரைப் பரப்புவது பத்திரிகைகள் மட்டுமா? பொள்ளாச்சிக் காணொளி 2019இல் எத்தனை கைப்பேசிகளில் சுற்றியது! ‘பாவம், பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே அனுப்பியவர்கள் எத்தனை பேர்! அப்படிப்பட்ட படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் பாராதீர்கள், பரப்பாதீர்கள், அனுப்பியவரைக் கண்டியுங்கள். பரப்புவது சட்டத்தில் குற்றம்; மார்க்கத்தில் பாவம். உங்கள் மகனிடம் இன்றிரவே இதைச் சொல்லுங்கள். மகளுக்கு ஆயிரம் எச்சரிக்கை சொல்லும் நாம், ஒரு பெண் மறுத்தால் அது மறுப்புத்தான் என்பதை மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? பொள்ளாச்சியில் தண்டனை பெற்ற ஒன்பது பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தாமே!

ஜமாஅத்தாருக்கு ஒரு வார்த்தை

மஹல்லாவில் சண்டை வந்தால் சமாதானம் செய்து வைப்பது ஜமாஅத்தின் அழகிய பணி. ஆனால் வன்கொடுமை சமாதானத்துக்கு உரிய வழக்கன்று. அபராதம் விதித்தோ, அவனுக்கே அந்தப் பெண்ணை நிகாஹ் செய்து கொடுத்தோ ‘முடித்து வைப்பது’ அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்படும் இரண்டாவது கொடுமை. இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கு எந்நிலையிலும் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தெளிவாகக் கூறியது; திருமணம் செய்துகொள்ளுமாறு நீதிமன்றங்கள்கூட யோசனை சொல்லலாகாது என்று 2021இல் அறிவுறுத்தியது. ஜமாஅத்தார் செய்யத்தக்க பணிகள் வேறு உள்ளன. வதந்தி பேசுவோரை அடக்குங்கள். அந்தக் குடும்பத்தை மிரட்ட வருவோர் முன்னே நில்லுங்கள். நீதிமன்றம் செல்லும் நாளில் துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். குற்றம் செய்தவன் நம்மவனாயினும் அவன் பக்கம் சாயாதீர்கள்.

உடனிருப்பதன் வலிமைக்கு நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2002 குஜராத் கலவரத்தில் கொடுமைக்கு ஆளான பில்கீஸ் பானுவின் கணவர் யாகூப் ரசூல் அவரை விட்டு விலகவில்லை. ஊர் ஊராக வீடு மாறி, அவரோடேயே நின்றார். 2008இல் பதினொருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2022இல் அவர்கள் விடுவிக்கப்பட்டபோதும் பில்கீஸ் மீண்டும் நீதிமன்றம் சென்றார். 2024 ஜனவரி 8இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துச் செய்தது. எளிய குடும்பத்துப் பெண் அவர். இருபத்திரண்டு ஆண்டுகள் நிற்க முடிந்தது என்றால், கணவர் தோள்கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம் அன்றோ!

அன்பானவர்களே! இத்தகைய தீங்கு நேர்ந்தால் பல இல்லங்களில் முதலில் எடுக்கப்படும் முடிவு, ‘இனிக் கல்லூரி வேண்டாம்; அவசரமாக ஒரு மாப்பிள்ளை பாருங்கள்’ என்பதாக இருக்கிறது. குற்றம் செய்தவன் தேர்வெழுதிக்கொண்டிருக்க, குற்றமற்றவள் புத்தகத்தை மூடி வைக்கிறாள். தங்கைகளின் படிப்பும் அதோடு நிற்கிறது. ஒரு கயவன் ஒரே நாளில் ஒரு வீட்டின் மூன்று தலைமுறை முன்னேற்றத்தைப் பறித்துக்கொண்டு போக நாமே வழிவிடுகிறோம். அவள் படிப்பைத் தொடர விரும்பினால் தொடரட்டும். ஓராண்டு ஓய்வு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும். வேறு கல்லூரி வேண்டுமென்றால் மாற்றிக் கொடுங்கள். முடிவில் அவள் குரல் இருக்கட்டும்.

மேலே சொன்ன எண்களை ஒரு தாளில் எழுதி, சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அதைவிட முக்கியமாக, எந்தத் தீங்கும் நேராத இந்த நல்ல நாளிலேயே உங்கள் மகளை அருகில் அழைத்து, ‘எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், நாங்கள் உன்னைக் கோபிக்கமாட்டோம்’ என்று வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். மிரட்டுபவன் நம்பியிருப்பது அந்த மௌனத்தைத்தான்.

நம் பிள்ளைகளின் மானத்தையும் உயிரையும் கல்வியையும் வல்ல இறைவன் காத்தருள்வானாக! அநீதிக்கு ஆளானோர் பக்கம் துணிந்து நிற்கும் உறுதியை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.